செல்லப்பிராணி வீடியோ சரியாக வரவில்லையா? கேமரா வாங்கும் முன் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

"விலை கம்மியா ஒரு வீடியோ கேமரா சொல்லுங்க, நாய்க்குட்டியை எடுக்கணும்" என்று காரைக்குடிப் பக்கம் உறவிலும் தெருவிலும் கேட்பவர்களுக்கு நான் உடனே மாடல் பெயர் சொல்வதில்லை. செல்போனில் ஏற்கெனவே எடுத்த வீடியோவைக் காட்டச் சொல்வேன். அதில் என்ன கெட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் பணத்தை எதில் போடுவது, போடத்தான் வேண்டுமா என்பது தெரியும். பெரும்பாலான கோளாறுகளுக்கு வெளிச்சமும் செட்டிங்கும்தான் காரணம். அதைக் கவனிக்காமல் புதுக் கேமரா வாங்கினால் அதே கோளாறு புதுக் கேமராவிலும் வரும். காசு செலவழித்தால் மட்டுமே தீரும் என்கிற கோளாறுகள் சிலதான்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு இதில் தனித் தொல்லைகளும் உண்டு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நிழல் கட்டிய வளவு, பின்னால் இரண்டாங்கட்டு, தடித்த சுவர்கள், மின்னும் ஆத்தங்குடித் தரை. கண்ணுக்கு அழகு, கேமராவுக்கு ஒவ்வொன்றும் ஒரு சோதனை. கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

எதற்கும் முன்னால்

லென்ஸைத் துடையுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நாய் மூக்கால் தொட்டுப் பார்த்த லென்ஸில் விளக்கு வெளிச்சமெல்லாம் புகைபோலப் பரவும்; அதைப் பார்த்து "கேமரா போயிடுச்சு" என்பவர்கள் நிறைய. கண்ணாடி துடைக்கும் மென்துணி போதும், வேட்டி முனை வேண்டாம். அப்புறம், படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். செல்போனில் மூன்று லென்ஸ் இருந்தால் நடுத்தரக் கோணம் தரும் முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். அகலக் கோண லென்ஸும் முன்பக்க லென்ஸும் இருட்டில் பெரும்பாலும் சோர்ந்துவிடும். இவ்வளவும் செய்தபின் இன்னொரு வீடியோ எடுத்துப் பாருங்கள். கோளாறு அப்படியே இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

"படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைகிறது; ஓடினால் இழுபட்டுத் தெரிகிறது"

இரண்டும் ஒரே வியாதி, வெளிச்சப் பற்றாக்குறை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். பகலில் திறந்தவெளி நிழலில் பத்தாயிரம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். இரவில் ஒரு டியூப்லைட் எரியும் வளவில் நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. நூறு மடங்கு வித்தியாசம், ஆனால் நம் கண் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. கேமரா என்ன செய்யும்? ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அதுவும் போதாவிட்டால் கிடைத்த சிக்னலைப் பெருக்கும். முதலாவது இழுவலைத் தரும், இரண்டாவது புள்ளியைத் தரும்.

கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். வளவுக்குள் நாய் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால், ஒரு படத்துக்குள்ளேயே அது 10 செ.மீ. நகர்ந்துவிடும். காலும் வாலும் கரைந்து போவது அதனால்தான். 1/250 வைத்தால் 2 செ.மீ.தான், படம் கூர்மையாக நிற்கும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இருட்டு வளவில் அந்த ஐந்து மடங்கை எங்கிருந்து கொண்டுவருவது? இந்தச் சிக்கலை எந்த விலைக் கேமராவும் முழுசாக ஒழிக்காது, தள்ளிப்போடத்தான் செய்யும்.

ஆகவே சோதனை இப்படி. அதே நாய், அதே செல்போன், அதே செட்டிங். காலை ஒன்பது மணிக்கு முற்றத்தை ஒட்டி எடுத்துப் பாருங்கள். படம் நன்றாக வந்தால் கேமராவில் குறையில்லை. விளையாட்டை இடம் மாற்றினால் போதும். உச்சிவேளையில் முற்றத்தில் எடுக்காதீர்கள். வெயில் விழுந்த கட்டம் வெளுத்து எரியும், சுற்றிலும் இருட்டு அப்பும். வெயில் நேராக உள்ளே இறங்காத காலையும், நான்கு மணிக்கு மேலும்தான் வளவுக்குள் வானத்தின் வெளிச்சம் மென்மையாகப் பரவியிருக்கும் நேரம்.

இரவில்தான் எடுக்க முடியும் என்றால் விளக்கைக் கூட்டுங்கள். எல்இடி விளக்கை நாய்மேல் அடிக்க வேண்டாம்; அதன் கண்ணும் கூசும், தரையிலும் பளபளப்பு அடிக்கும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். மழமழவென்று தேய்த்த செட்டிநாட்டுச் சுவர் நல்ல பெரிய பிரதிபலிப்பான், வெளிச்சம் மெத்தென்று திரும்பி வரும். மேலே திருப்பிப் பலனில்லை. பர்மாத் தேக்கு மச்சு வெளிச்சத்தை விழுங்கிவிடும். நகர வீட்டு வெள்ளைக் கூரையை மனதில் வைத்து யாரோ சொன்ன யோசனையை இங்கே அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான்.

இதையெல்லாம் செய்தும் புள்ளி போகவில்லையா? இது பணம் செலவழிக்கத் தகுந்த கோளாறு. ஆனால் எதற்குச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து செலவழியுங்கள். பார்க்க வேண்டியது மெகாபிக்சல் எண்ணிக்கை அல்ல, லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சென்சாரின் அளவு. மலிவு விலைக் கேம்கார்டர்களில் பலருக்கும் தெரிந்த சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405-இல் இருப்பது 1/5.8 அங்குல வகைச் சென்சார், நல்ல செல்போன்களில் இருப்பதைவிடவும் சிறியது. சோனி இசட்வி-1எஃப், டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 போன்றவற்றில் இருப்பது ஒரு அங்குல வகை; அதாவது ஏறக்குறைய 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. பரப்பளவில் முதலாவதைப்போல 20 மடங்குக்கும் மேல். இருட்டில் படம் எப்படி வரும் என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது இந்த எண்தான். ஆனால் இந்த வகைக்கு விலையும் அரை லட்சம் ரூபாயை நெருங்கும், சிலது தாண்டும். பகலில் மட்டும் எடுப்பவர் அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

லென்ஸ் பக்கத்தில் போட்டிருக்கும் எஃப் எண்ணையும் பாருங்கள். சின்ன எண் என்றால் அதிக வெளிச்சம். எஃப் 1.8-4.0 என்று இரண்டு எண் இருந்தால், அகலக் கோணத்தில் 1.8, ஜூமை முழுவதும் இழுத்தால் 4. அந்த நிலையில் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். ஜூம் போட்டதும் படம் ஏன் கெடுகிறது என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் பெயர் தெரியாத கம்பெனிகளின் கேம்கார்டர்கள் "4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்" என்று மிரட்டும் விளம்பரத்தோடு மலிவாக வரும். அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது குட்டிச் சென்சார். குறைந்த அளவில் எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி 4கே என்கிறார்கள். ஜூமும் டிஜிட்டல், ஃபோகஸும் பெரும்பாலும் நிலையானது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு வருடப் பழைய செல்போன் இவற்றைத் தோற்கடிக்கும். பட்ஜெட் குறைவு என்றால் செல்போனே மேல். மிச்சக் காசுக்கு ஒரு நல்ல ட்ரைபாடும் இரண்டு விளக்கும் வாங்குங்கள்.

"முற்றத்துப் பக்கம் போனால் நாய் கருத்துவிடுகிறது, உள்ளே திரும்பினால் வெளுத்துவிடுகிறது"

கேமரா தன் கண்ணில் படுவதையெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் முற்றம் எரியும்போது அந்த வெளிச்சத்தை அடக்குகிறேன் என்று நாயை இருட்டடித்துவிடும். ராஜபாளையம் நாயை நெருக்கமாக எடுத்தால் "இவ்வளவு வெள்ளையா?" என்று சந்தேகப்பட்டு அழுக்குச் சாம்பலாக்கும். கறுப்பு நாயையோ, தை மாத மஞ்சுவிரட்டுக்குத் தயாராகும் கறுப்புக் காளையையோ எடுத்தால் எதிர்மாறாக வெளிறச் செய்யும்.

முதல் மருந்து நிற்கும் இடம். முற்றத்துக்கு முதுகைக் காட்டி நீங்கள் நில்லுங்கள், வெளிச்சம் பிராணியின் முகத்தில் விழட்டும். பட்டாலை மேடையில் உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்து எடுப்பது எல்லாருக்கும் வரும் பழக்கம். தூண் வரிசை அழகாகத் தெரியும்தான், ஆனால் நாய் நிழலாகத்தான் தெரியும்.

இரண்டாவது, பூட்டு. செல்போனில் நாயின் முகத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தை ஏற்றி இறக்கலாம். கேமராவில் கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு பொத்தானோ மெனுவோ இருக்கும். வெள்ளைப் பிராணிக்குக் கொஞ்சம் கூட்டவும், கறுப்புக்குக் கொஞ்சம் குறைக்கவும். கேட்கும்போது தலைகீழாகப் படும், செய்து பாருங்கள். ஒன்று மட்டும்: பின்னணி இருட்டாக இருந்து வெள்ளை நாய் படத்தில் சின்னதாக வந்தால் இந்த விதி திரும்பிவிடும், அப்போது குறைக்க வேண்டும்.

வாங்க வேண்டுமா? வேண்டாம். ஆனால் வேறு காரணத்துக்காக வாங்கப் போகிறீர்கள் என்றால், வெளிச்சப் பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே மெனுவைத் திறந்து பாருங்கள்.

நிறம் ஆட்டம் போடுவதும் இதன் தம்பிதான். நாய் முற்றத்திலிருந்து விளக்குக்கு நகரும்போது படம் நீலத்திலிருந்து மஞ்சளுக்குத் தாவினால், வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியிலிருந்து மாற்றி ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலக்கும் இடத்தில் விளக்கை அணைத்துவிடுவது இன்னும் எளிது. அப்புறம், வெள்ளை நாயின் வயிற்றில் சிவப்போ பச்சையோ ஏறியிருந்தால் கேமராவைத் திட்டாதீர்கள். ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கப்படுவதால் வழவழவென்று இருக்கும். அதன் நிறம் உண்மையிலேயே நாய்மேல் பிரதிபலிக்கிறது. எனக்கு அது பிடிக்கும், மாற்றச் சொல்லமாட்டேன்.

"இருட்டுப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன"

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் அதனால் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. கேமராவோ அமெரிக்கக் கணக்கில் நொடிக்கு 30 அல்லது 60 படம் என்று அமைந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. மெனுவில் என்டிஎஸ்சி என்று இருந்தால் பிஏஎல் ஆக்குங்கள். படங்களின் எண்ணிக்கையை 25 அல்லது 50-க்கும், ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கும் கொண்டுவாருங்கள். வைஃபை கேமராக்களிலும் ஆக்ஷன் கேமராக்களிலும் "ஃப்ளிக்கர்" என்ற பெயரில் 50, 60 என்று ஒரு தேர்வு இருக்கும், 50-ஐத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் வீடியோ செட்டிங்கில் பிஏஎல் வடிவங்களைக் காட்டச் சொன்னால் 25 வந்துவிடும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்திப் பிடிக்க 1/250 வேண்டும் என்றேன். மலிவு எல்இடி விளக்கின்கீழ் அதே 1/250 பட்டையைக் கொண்டுவரும். எனவே ஓட்டமும் தாவலும் பகல் வெளிச்சத்தில். தூக்கம், சாப்பாடு, மடியில் கொஞ்சல் எல்லாம் விளக்கில். எந்த விளக்கு மினுங்குகிறது என்று தெரிய செல்போனின் ஸ்லோமோஷனில் அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மினுங்கும் விளக்கு படபடவென்று அடித்துக்கொள்வது அப்படியே தெரியும். விளக்கை மாற்றுவது கேமராவை மாற்றுவதைவிட மலிவு.

"பூனை மங்கல், பின்னால் இருக்கும் தூண் பளிச்சென்று இருக்கிறது"

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, மிக அருகில் போய்விட்டீர்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதைவிடக் கிட்டே வராதே என்று ஒரு தூரம் உண்டு. கேம்கார்டரில் ஜூமை முழுசாக இழுத்தால் அந்தத் தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குப் போய்விடும். ஒரு எட்டுப் பின்னால் வாருங்கள், சரியாகிவிட்டால் அவ்வளவுதான். இரண்டு, கறுப்புப் பூனையின் ரோமத்தில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை, பின்னால் செதுக்கிய தேக்குத் தூணில் நிறையக் கிடைக்கிறது, அங்கே தாவிவிட்டது. ஃபோகஸ் கட்டத்தைச் சின்னதாக்கி நடுவில் வைத்துக் கண்ணைக் குறிபாருங்கள், அல்லது வெறும் சுவர் பின்னணிக்கு மாறுங்கள். மூன்று, ஃபோகஸ் ஓயாமல் முன்னும் பின்னும் போய்வருகிறது. அது இருட்டின் வேலை, மேலே பார்த்த வைத்தியம்தான்.

மூன்றும் இல்லை, பூனை நேராக நம்மை நோக்கி ஓடிவரும்போது மட்டும் தவறுகிறது என்றால், இங்கே கேமராவின் தரம் உண்மையாகவே பேசும். ஒளி வேறுபாட்டை மட்டும் வைத்து ஃபோகஸ் தேடும் கேமரா தட்டித் தடவித்தான் பிடிக்கும். ஃபேஸ் டிடெக்ஷன் (Phase Detection; முகத்தைக் கண்டுபிடிக்கும் Face அல்ல) உள்ளது தூரத்தை அளந்து நேரே போய் நிற்கும். மேலே சொன்ன இசட்வி-1எஃப் முதல் வகை. சென்சார் பெரிது, ஃபோகஸ் நிதானம். படுத்திருக்கும் பூனைக்குச் சரி, பாயும் நாய்க்கு அவ்வளவு சரியில்லை.

"விலங்குக் கண்ணை அடையாளம் காணும்" என்ற விளம்பர வரிக்கு மயங்கும் முன், அது வீடியோவுக்கும் உண்டா, புகைப்படத்துக்கு மட்டுமா என்று கேளுங்கள். பல மாடல்களில் புகைப்படத்துக்கு மட்டும்தான். கேனான் ஆர்50-இல் வீடியோவுக்கும் விலங்கைப் பின்தொடரும் வசதி இருக்கிறது. ஆனால் அது லென்ஸ் மாற்றும் ரகம், "மலிவு" என்ற சொல்லுக்குக் கொஞ்சம் வெளியேதான் நிற்கிறது.

"கேமராவை எடுத்ததும் எழுந்து போய்விடுகிறது"

பீப் ஒலியை அணையுங்கள், ஃபோகஸுக்கு உதவும் சின்ன விளக்கையும் அணையுங்கள். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60-க்கும் மேல் கேட்கும். லென்ஸ் மோட்டாரின் மெல்லிய இரைச்சல் நமக்கு இல்லை என்பதால் அதற்கும் இல்லை என்று அர்த்தமில்லை.

கேமராவை ட்ரைபாடில் மாட்டித் தரையோடு தரையாக வைத்துவிட்டு, எடுக்காமலே சில நாள் விட்டுவிடுங்கள். முகர்ந்து பார்க்கும், தேய்த்துக்கொள்ளும், அப்புறம் அதை மறந்துவிடும். தரைமட்டம் இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது. நின்றபடி எடுத்தால் எல்லாப் பிராணியும் முதுகும் காதுமாகத்தான் தெரியும். அதன் கண் உயரத்துக்கு இறங்கினால்தான் முகம் தெரியும்.

அப்படியும் பழகாத, திண்ணைக்கு வந்துபோகிற தெருப்பூனை மாதிரி ஆசாமிகளுக்கு, லென்ஸாலேயே கிட்டே இழுத்துக் காட்டும் ஆப்டிகல் ஜூம்தான் வழி. சிறிய சென்சார் கேம்கார்டரை மேலே குறை சொன்னேன். அதற்குரிய இடம் இதுதான். சிஎக்ஸ்405-இல் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் உண்டு. முகப்பில் நின்றுகொண்டு வாசல் கடைசியில் படுத்திருக்கும் பூனையைப் பகலில் எடுக்க செல்போனால் முடியாது, இதனால் முடியும். கையில் பிடித்து 30 மடங்கு என்றால் படம் ஆடும், தூணில் சாய்ந்துகொள்ளுங்கள்.

"குரைத்தால் எதிரொலி, மற்ற நேரத்தில் ஃபேன் சத்தம்"

வளவு என்பது கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பெரிய காலியிடம். ஒலி சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்பும். ஒரு ஜமுக்காளத்தை விரித்து, கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டாலே பாதி அடங்கும். ஃபேனை அணைத்துவிட்டு எடுங்கள். சித்திரை, வைகாசியில் இது கொடுமைதான், எனவே எடுக்கும் நேரத்தைக் குறுக்குங்கள். குரைப்பு கரகரவென்று உடைந்தால் மைக்கின் அளவைக் கீழே இறக்குங்கள். அமைதியாக இருக்கும்போது இரைச்சல் தானாக ஏறி, குரைத்ததும் இறங்கினால், தானியங்கி அளவை அணைக்க வேண்டும்.

அடிப்படைத் தீர்வு மைக்கைக் கிட்டே கொண்டுபோவது. தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும், எதிரொலி அப்படியே இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒயர் மைக்கைச் சாப்பாட்டுத் தட்டின் அருகே ஒளித்து வையுங்கள். பிராணியின் கழுத்தில் கட்டாதீர்கள், ஒயர் மாட்டிக்கொள்ளும். செருகும் முனையைப் பாருங்கள். கேமராவுக்கு உரியதில் கறுப்பு வளையம் இரண்டு, செல்போனுக்கு உரியதில் மூன்று. மாற்றிச் செருகினால் பெரும்பாலும் ஒலியே வராது. மலிவுக் கேம்கார்டர் பலவற்றில் மைக் செருகத் துளையே இருக்காது. பூனையின் உறுமலும் கிளியின் பேச்சும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், துளை இல்லாத கேமராவைக் கையில்கூட எடுக்காதீர்கள்.

"வெளியூரிலிருந்து பார்க்க வைஃபை கேமரா வைத்தேன், இணைப்பு நிற்கவில்லை"

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு பூர்வீக வீட்டு நாயைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இங்கே அதிகம். இதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டவே வேண்டாம். 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும், தலையைத் திருப்பும் வீட்டுக் கேமரா போதும். டிபி-லிங்க் டாபோ சி200 மாதிரியான ரகம்.

முதல் நாளே ஆப்பில் சேரவில்லையா? இந்தக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் அறியும். உங்கள் செல்போன் 5-இல் இருந்தால் இரண்டும் சந்திக்காது. ரூட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து அதில் சேருங்கள்.

சேர்ந்தபின் அறுந்து அறுந்து போனால் சுவர்தான் காரணம். ரூட்டர் முகப்பில், கேமரா இரண்டாங்கட்டில், நடுவில் அந்தத் தடித்த சுவர்கள். சிக்னலைத் திரும்பிப் பரப்பும் மலிவு எக்ஸ்டென்டரைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தால் அதுவும் அரைகுறை சிக்னலைத்தான் வாங்கிப் பரப்பும். லேன் ஒயர் இழுத்து (100 மீட்டர் வரை தாங்கும்), மறுமுனையில் பழைய ரூட்டர் ஒன்றை, அங்கிருந்து வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்டாக வைப்பது நிரந்தரத் தீர்வு. கேமராவுக்குள் மெமரி கார்டு போட்டுவிட்டால் பல மாடல்களில் இணையம் போனாலும் பதிவு நிற்காது. கரன்ட் போனால் நிற்கும். ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வையுங்கள், கேமராவுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். ஓயாமல் எழுதி அழிக்கும் வேலைக்குச் சாதாரணக் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும், கண்காணிப்புக் கேமராவுக்கென்றே வரும் ஹை என்டூரன்ஸ் கார்டு வாங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுவதையும் மறக்காதீர்கள், வீட்டுக்குள் பார்க்கும் கண் அது.

இரவுப் படம் பற்றித் தெரிந்த ஆச்சி ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, பூனை கண்ணு ரெண்டும் விளக்கு மாதிரி எரியுது. படமும் கறுப்பு வெள்ளையா இருக்கு. கேமரா ரிப்பேரா?"

"இல்லை ஆச்சி, அது அப்படித்தான் இருக்கும். இருட்டில் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அடித்துப் பார்க்கிறது. அதில் நிறம் வராது."

"கண்ணு எரியறது?"

"பூனைக் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கு ஆச்சி. அதான் பளபளக்குது. பூனைக்கு ஒன்றும் ஆகாது."

"அதுக்கு ஒன்னும் ஆகாதுன்னா சரி. நான் பயந்துட்டேன்."

ஆனால் இரவில் படம் முழுக்க வெள்ளைப் புகையாக இருந்தால் அது கோளாறுதான். கேமராவுக்கு முன்னால் ஜன்னல் கண்ணாடியோ கொசுவலையோ இருக்கிறது, அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிறது. சிலந்தி வலையும் இதையே செய்யும், ராத்திரி முழுக்க "அசைவு" என்று ஆப் அலறுவதும் பெரும்பாலும் சிலந்தியாலும் பூச்சியாலும்தான். துடைத்துவிடுங்கள்.

"நன்றாக எடுத்துக்கொண்டிருந்தது, பாதியில் நின்றுவிட்டது"

எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். சரியாக 29 நிமிடம் சொச்சத்தில் நின்றால் பழுதில்லை. ஐரோப்பாவில் அரை மணி நேரம் தொடர்ந்து எடுக்கும் கருவியை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு அதிக வரி விதித்ததால், பல புகைப்படக் கேமராக்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டை வைத்தார்கள். பூனை குட்டிபோடுவதை மணிக்கணக்கில் எடுக்க வேண்டும் என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லாத கேம்கார்டரோ வீட்டுக் கேமராவோதான் ஏற்றது.

ஃபைல் 4 ஜிபி-யில் துண்டாகிறதா? 32 ஜிபி-யும் அதற்குக் கீழும் உள்ள கார்டுகளின் அமைப்பு அதற்குமேல் ஒரு ஃபைலை அனுமதிக்காது. துண்டுகளைக் கணினியில் ஒட்டிக்கொள்ளலாம்; 64 ஜிபி கார்டு போட்டால் பல கேமராக்களில் இந்தப் பிரச்சினையே இருக்காது.

சில நொடியிலேயே நிற்கிறது என்றால் கார்டு வேகம் போதவில்லை. 4கே எடுக்க வி30 என்று போட்ட கார்டு வேண்டும்; குறைந்தது நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்பது அதன் பொருள். இடக் கணக்கும் பாருங்கள்: நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும், நொடிக்கு 17 மெகாபிட் தரத்தில் 1080 (ஃபுல் எச்டி) என்றால் 8 ஜிபி-க்குள் முடியும். பாதி விலைக்குக் கிடைத்த பெரிய கார்டு போலியாக இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதிப் பார்த்துப் போலியைச் சொல்லிவிடும்.

தொட்டால் சுடுகிறது, அப்புறம் நிற்கிறது என்றால் வெப்பம். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். மே மாதக் காரைக்குடி அந்த எல்லையைத் தொட்டு விளையாடும் ஊர். 4கே வேண்டாம், 1080-க்கு இறங்குங்கள். திரையை மடக்காமல் விரித்து வையுங்கள். வெயில் படும் ஜன்னல் கட்டையில் வைக்காதீர்கள். சோனி கேமரா சிலவற்றில் வெப்பத்தில் அணையும் அளவை உயர்த்தும் தேர்வு உண்டு, அதைப் போட்டால் ட்ரைபாடில் மட்டும் பயன்படுத்துங்கள், கை சுடும். மறுபக்கம், ஏசி அறையிலிருந்து நேராக வளவுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூக்கும். துடைக்காமல், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள்.

"ஒலி மட்டும் கேட்கிறது, படம் வரவில்லை"

வீடியோவைச் சுருக்கும் புது முறையான ஹெச்இவிசி-யில் பதிவாகியிருக்கும், பழைய கணினிக்கு அது புரியாது. விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்து பாருங்கள். இனிமேல் எடுப்பதைப் பழைய முறையான எச்.264-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒலியும் படமும் போகப் போக விலகினால், நொடிக்கு எத்தனை படம் என்பதைச் செல்போன் மாற்றி மாற்றிப் பதிவதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25-க்கு மாற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

கைமாறிய கேமரா வாங்குவதென்றால்

பட்ஜெட் இடிக்கும்போது இது நல்ல வழி, ஆனால் போகும்போது உங்கள் கார்டையும் முடிந்தால் உங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். லென்ஸை மூடி வைத்து, வெளிச்சப் பெருக்கத்தை (மெனுவில் ஐஎஸ்ஓ அல்லது கெயின்) உச்சத்தில் வைத்துப் பத்து விநாடி எடுங்கள். கறுப்புத் திரையில் அசையாத வண்ணப் புள்ளிகள் நிறைய இருந்தால் சென்சார் களைத்துவிட்டது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நூல்நூலாக ஓடினால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஜூமை முழுசாக இழுத்து, விட்டு, காதருகே கேளுங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது. சார்ஜர் செருகும் இடம் ஆடுகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாடலுக்கு இன்னும் புது பேட்டரி விற்கிறதா என்று வாங்கும் முன்பே தேடுங்கள், கிடைக்காத பேட்டரியோடு வரும் கேமரா ஒயர் நீளத்துக்குள் மட்டும் வேலை செய்யும்.

புதிதோ பழசோ, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இங்கிருந்து 80-90 கிலோமீட்டர்தான், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். சென்னைக்குக் கூரியரில் அனுப்பு என்கிற பிராண்டாக இருந்தால், விலையில் குறைந்ததாகத் தெரிந்த தொகையை முதல் ரிப்பேரே சாப்பிட்டுவிடும்.